டென்ஷன் ஆனால் பிபி ஏறும்... அப்புறம்?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தால் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: நரம்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 48 வயது. வீட்டில் பிபி பார்த்தால் 126/80. டாக்டர் எதிரே உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றினால் 150ஐத் தாண்டுகிறது. ஒரே ஆள், ஒரே நாள். மனசில் இருக்கும் பயம் ரத்தக்குழாயை எப்படிப் போய்த் தொடுகிறது?

நரம்பு வழியாகத்தான் தொடுகிறது, அதுவும் சில நொடிகளுக்குள். நாம் யோசிக்காமலே வேலை செய்யும் நரம்புகள் இருக்கின்றன இல்லையா, தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் இரண்டு பிரிவு. பரிவு நரம்புகள் உடலை ஓடவும் சண்டை போடவும் தயார் செய்கின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் அமைதிப்படுத்துகின்றன. இதயத்தைப் பொறுத்தவரை அமைதிப்படுத்தும் வேலை முழுக்க வேகஸ் என்ற ஒரே நரம்பின் பொறுப்பு. மூளையின் அடியில், முதுகுத்தண்டு தொடங்கும் இடத்துக்கு மேலே இருக்கும் முகுளம்தான் இரண்டுக்கும் கட்டளை தருகிறது.

பிபி என்பது இரண்டு விஷயங்களின் பெருக்கல். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அந்த ரத்தத்துக்குக் குழாய்கள் எவ்வளவு தடை போடுகின்றன. பயம் வந்ததும் பரிவு நரம்பின் நுனிகளில் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அது இதயத்தை வேகமாகவும் பலமாகவும் அடிக்க வைக்கிறது, தோலிலும் குடலிலும் சிறுநீரகத்திலும் இருக்கும் சிறு தமனிகளின் தசையைச் சுருக்குகிறது. பெரிய தமனிகளைவிட இந்தச் சிறு தமனிகள்தான் முக்கியம். காரணம், தடை என்பது குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. ஆரம் 10 சதவீதம் குறைந்தாலே தடை ஏறக்குறைய 50 சதவீதம் கூடும். பாதியாகக் குறைந்தால் 16 மடங்கு. அதனால் நரம்பு குழாயை லேசாக இறுக்கினாலே போதும், எண் மேலே போய்விடும்.

நரம்பு இந்தப் பிடியை எப்போதுமே கொஞ்சம் வைத்திருக்கிறது, நீங்கள் நிம்மதியாகத் தூங்கும்போதுகூட. 1850களின் தொடக்கத்தில் பிரான்ஸில் கிளாட் பெர்னார்ட், முயலின் கழுத்தில் ஒரு பக்கப் பரிவு நரம்பை வெட்டிப் பார்த்தார். அந்தப் பக்கக் காது சிவந்து சூடானது. நரம்பின் பிடி விட்டதும் குழாய்கள் விரிந்து ரத்தம் பாய்ந்துவிட்டது. உடலின் பெரும்பாலான ரத்தக்குழாய்களை விரிக்கத் தனி நரம்பு கிடையாது. பரிவு நரம்பு பிடியைத் தளர்த்தினால் விரியும், இறுக்கினால் சுருங்கும், அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் மட்டும் ஏறுவதற்கு வெள்ளைக்கோட்டு ரத்த அழுத்தம் என்று பெயர். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், முதுகு சாய்ந்திருக்கட்டும், கால் தரையில் படட்டும், கை இதய மட்டத்தில் இருக்கட்டும், பேசாதீர்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியும் புகையும் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளக்காதீர்கள், நிறைந்த பையே பரிவு நரம்பைத் தூண்டி எண்ணை ஏற்றிவிடும். சராசரி 135/85க்குக் கீழே இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் இப்படி ஏறுகிறவர்களில் கொஞ்சம் பேருக்குப் பின்னாளில் நிரந்தரமான பிபி வருகிறது, அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது இதே மாதிரி அளந்து பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை இருக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. உட்கார்ந்து அளந்தால் பிபி சரியாகத்தான் காட்டுகிறது. பலவீனம் என்று விட்டுவிடலாமா?

விட வேண்டாம். எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. அந்த நேரம் மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது நரம்பின் வேலை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. குழாயின் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை ஒவ்வொரு துடிப்பிலும் முகுளத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இழுவை குறைந்தால் முகுளம் வேகஸின் பிடியைத் தளர்த்தும். ஒன்றிரண்டு துடிப்புக்குள்ளேயே இதயம் வேகமெடுக்கும், அடுத்த சில நொடிகளில் பரிவு நரம்பு குழாய்களைச் சுருக்கிவிடும். நீங்களும் நானும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுந்து நிற்கிறோம், இப்படி ஒன்று நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

சர்க்கரை பல வருடம் இருந்தால் இந்தத் தன்னியக்க நரம்புகளே சேதமாகலாம். அப்போது உட்கார்ந்தால் சரியாக இருக்கும், நின்றால் விழும். அதனால் அம்மாவைப் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள், பிபி மாத்திரைக்கும் நீர் பிரிக்கும் மாத்திரைக்கும் இதில் பங்கு இருக்கலாம். (வயதான ஆண்களுக்கு இதே தொந்தரவு வந்தால் புராஸ்டேட் மாத்திரையையும் கவனிக்க வேண்டும், அவற்றில் சில பரிவு நரம்பு குழாயைச் சுருக்கும் அதே வழியைத்தான் தடுக்கின்றன.) அதுவரை படுக்கையின் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். இரவில் கழிவறைக்கு எழும்போது யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பிறகு வருத்தப்படும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: டென்ஷனில் ரத்தக்குழாய் சுருங்கும் என்கிறீர்கள். அப்படியென்றால் இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாயும் சுருங்குமே? கோபப்பட்டபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்பதெல்லாம் இதனால்தானா?

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழில் வேறு எதையும் எடுக்கவில்லை. இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரி தமனிகள் பெருந்தமனியின் தொடக்கத்திலிருந்தே கிளம்புகின்றன, எனவே பெருந்தமனியில் இருக்கும் அழுத்தம்தான் அவற்றின் வாசலிலும் இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இதயம் சுருங்கும்போது அந்தத் தசை தனக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்குகிறது. அதனால் உடல் முழுக்க ரத்தம் பாயும் அதே நொடியில் இடது கீழறையின் தசைக்கு ரத்தம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, அது விரியும் இடைவேளையில்தான் அதற்குச் சாப்பாடு. துடிப்பு நிமிடத்துக்கு 70 என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் இந்த இடைவேளை கிடைக்கும். 200ஐத் தொட்டால் சுருங்கும் நேரத்தைவிட இடைவேளை குறைவாகிவிடும். நரம்பு இதயத்தை விரட்டும்போது வேலை கூடுகிறது, சாப்பிடும் நேரம் குறைகிறது.

அப்புறம் இன்னொன்று. மற்ற தசைகள் ஓய்வில் இருக்கும்போது ரத்தத்தில் வரும் ஆக்சிஜனில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன, தேவைப்பட்டால் கூடுதலாக உறிஞ்ச இடம் இருக்கிறது. இதயம் ஓய்விலேயே 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கூடுதலாக வேண்டும் என்றால் அதற்கு ஒரே வழிதான், கூடுதல் ரத்தம்.

இனி நரம்புக்கு வருவோம். பரிவு நரம்பு கரோனரி தமனிக்கும் போகிறது, அதன் நேரடிக் கட்டளை பெரும்பாலும் சுருங்கு என்பதுதான். ஆனால் அதே நரம்பு இதயத் தசையை வேகமாக வேலை வாங்குகிறது, வேலை செய்யும் தசை அடினோசின் மாதிரியான பொருட்களை வெளியே விடுகிறது, அவை குழாயை விரிக்கச் சொல்கின்றன. குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து விரிக்கிறது. (ஒரு வாயு உடலுக்குள் செய்தி சொல்லும் என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.) ஆரோக்கியமான குழாயில் இந்த விரிக்கும் பக்கம் ஜெயிக்கிறது. ஓடும்போதோ பயப்படும்போதோ நல்ல இதயத்துக்கு ரத்தம் நான்கைந்து மடங்கு வரைகூட ஏறும். அது மட்டுமா, வாசலில் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 60 முதல் 140 வரை ஏறி இறங்கினாலும் தசைக்குப் போகும் ரத்தம் பெரிதாக மாறாதபடி அந்தச் சிறு குழாய்கள் தாங்களே சரிசெய்துகொள்கின்றன, நரம்பைக் கேட்காமலே.

சரி, அப்படியென்றால் ஏன் விழுகிறார்கள்? குழாயின் உட்சுவர் கெட்டுப்போனால் கணக்கு மாறுகிறது. புகையும் சர்க்கரையும் கொழுப்பும் நீண்ட நாள் பிபியும் உட்சுவரைச் சேதப்படுத்தியபின் நைட்ரிக் ஆக்சைடு சரியாகச் சுரப்பதில்லை. விரிக்கும் பக்கம் பலவீனமாகிறது, சுருக்கும் பக்கம் அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்து குறுகிய இடத்தில் நரம்பின் சுருக்கமும் சேர்ந்தால் பின்னால் இருக்கும் தசை பட்டினி கிடக்கும். அந்த நேரம் பிபி திடீரென்று ஏறுவதால் படிவின் மேல்தோல் கிழியவும் கூடும், கிழிந்தால் அங்கே ரத்தம் உறையும். மாரடைப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஆக, கோபம் கடைசித் தள்ளு கொடுத்திருக்கலாம். குழாய் கெட்டது அதற்குப் பல வருடம் முன்பே. வலியே இல்லாமல் மன அழுத்தத்தில் இதயத் தசைக்கு ரத்தம் குறைவதும் உண்டு, சர்க்கரை உள்ளவர்களிடம் வலியைச் சொல்லும் நரம்பே கெட்டிருக்கலாம் என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

குழாயில் அடைப்பு எதுவும் இல்லாமலே, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் நுனிப்பகுதி பலூன் போல வீங்கிச் செயலிழப்பதும் நடக்கிறது. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதை விவரித்து, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவத்தில் இருந்ததால் டாகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். பரிவு நரம்பிலிருந்தும் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் வரும் ரசாயனங்கள் ஒரேயடியாகக் கொட்டுவதுதான் முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆனால் வெளியே தெரியும் அறிகுறி மாரடைப்பு மாதிரியேதான் இருக்கும், ஈசிஜியும் அப்படியே காட்டும். நெஞ்சுவலி வந்தால் இது அதிர்ச்சியால் வந்தது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பீட்டா பிளாக்கர் என்று ஒரு மாத்திரையைச் சிலர் சாப்பிடுவீர்கள். ஜேம்ஸ் பிளாக் 1960களில் புரோப்ரானலாலை உருவாக்கியபோது அவருடைய யோசனை இதுதான்: குழாயை விரிக்க அலைவதற்குப் பதில், நரம்பு இதயத்தை விரட்டுவதைத் தடுத்து அதன் பசியைக் குறைப்போம். துடிப்பு மெதுவானால் இடைவேளையும் நீளும். எவ்வளவு தெளிவான சிந்தனை, 1988இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அதுவரை அடக்கி வைத்த நரம்பு ஒரேயடியாக விரட்டத் தொடங்கும், நெஞ்சுவலி திரும்பலாம்.

கேள்வி: உயிரியல் படிக்கும் மாணவி நான். இதயம் நரம்பு இல்லாமலே துடிக்கும் என்கிறது பாடம். பிறகு நரம்பு எதற்கு?

துடிக்கும், நரம்பு இல்லாமலே. இதயத்துக்குள்ளேயே தாளம் போடும் திசு இருக்கிறது. அதை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 அளவில் துடிக்கும். ஓய்வில் நமக்கு 70 என்று இருப்பது வேகஸ் எப்போதும் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டிருப்பதால். மாற்று இதயம் பொருத்தியவர்களிடம் இது நேராகத் தெரியும். அறுவை சிகிச்சையில் நரம்புகள் வெட்டுப்படுவதால் அவர்களின் இதயம் ஓய்விலேயே 90, 100 என்று அடிக்கும். மாடிப்படி ஏறினால் உடனே வேகமெடுக்காது, ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேரும்வரை காத்திருக்கும்.

வேகஸைத் தூண்டினால் இதயம் மெதுவாகும் என்பதை 1845இலேயே வெபர் சகோதரர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் நரம்பு இதயத்திடம் எப்படிப் பேசுகிறது, மின்சாரத்தாலா ரசாயனத்தாலா என்ற சண்டை பல வருடம் நடந்தது. 1921இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் வேகஸைத் தூண்டி மெதுவாக்கி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை மற்றதற்குக் கொடுத்தார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது! இந்தச் சோதனை தனக்குக் கனவில் வந்தது என்று அவரே பின்னர் சொன்னார். அந்தத் திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். 1936இல் ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது, உனக்கும் அப்படி இருந்தால் நீ சரியான பாடத்தைத்தான் எடுத்திருக்கிறாய் அம்மா.

கேள்வி: என் கணவருக்கு வேலையில் நெருக்கடி, பிபி 160/100. இது டென்ஷன் பிபி, வேலை மாறினால் போய்விடும் என்று மாத்திரையைத் தொட மறுக்கிறார். அவர் சொல்வது சரியா?

சரியில்லை. இதைக் கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், என் அப்பாவும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். ரிட்டையர் ஆனால் இறங்கிவிடும் என்று ஆறு வருடம் ஓட்டினார். ரிட்டையர் ஆன பிறகும் எண் இறங்கவில்லை. ஒரு நாள் காலை எழுந்தவருக்கு வலது கையைத் தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. நான் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன், சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை.

உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நரம்பு நொடிக்கு நொடி ஏற்றி இறக்குகிறது, உண்மை. ஆனால் அழுத்தம் எந்த மட்டத்தைச் சுற்றி ஏறி இறங்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பதில் பெரிய கை சிறுநீரகத்துடையது, எவ்வளவு உப்பையும் நீரையும் வெளியே விடுகிறது என்பதைப் பொறுத்து. 1970களில் நாய்களில் செய்த சோதனைகளில், அழுத்தத்தை உணரும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு நாள் முழுக்க அளந்தார்கள். எண் தாறுமாறாக ஏறி இறங்கியது, ஆனால் சராசரி ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தது. இதில் இன்னொரு சங்கடம், அழுத்தம் ஓரிரு நாள் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால் கழுத்தில் இருக்கும் அந்த உணரிகள் அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. 160ஐக் குறைக்க வேண்டிய நரம்பு அதன்பின் 160ஐக் காவல் காக்கிறது. இதற்குள் சிறு தமனிகளின் சுவரும் தடித்துவிடும்.

நெருக்கடிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். பரிவு நரம்பு சிறுநீரகத்துக்கும் போகிறது, பிபியை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சுரக்க வைத்து உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் இருப்பவர்களுக்கு இரவு முழுக்க அந்த நரம்பு கத்திக்கொண்டே இருக்கும், இயல்பாக இரவில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய பிபி இறங்காது. கணவர் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று கவனியுங்கள், இருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். வேலை மாறட்டும், நடக்கட்டும், உப்பைக் குறைக்கட்டும், எல்லாம் நல்லது. ஆனால் 160/100 என்பது இவற்றையெல்லாம் சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய வேண்டிய எண்.

கேள்வி: சிறுநீரக நரம்பைச் சுட்டு பிபியைக் குறைக்கிறார்களாமே?

ஆமாம். தொடையில் அல்லது கையில் இருக்கும் தமனி வழியாக மெல்லிய குழாயை விட்டு, சிறுநீரகத் தமனியைச் சுற்றி ஓடும் பரிவு நரம்புகளை வெப்பத்தால் செயலிழக்க வைப்பார்கள். 2014இல் பொய்ச் சிகிச்சையோடு (செய்வது போலக் காட்டிவிட்டு நரம்பைச் சுடாமல் விடுவது) ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றில் வித்தியாசம் தெரியவில்லை, எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள் போலிருந்தது. கருவிகளையும் முறையையும் திருத்திச் செய்த பிந்தைய ஆய்வுகளில் சில புள்ளிகள் குறைந்ததால், 2023 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது. மாத்திரையால் கட்டுப்படாதவர்களுக்கு யோசிக்கலாம். மாத்திரையே சாப்பிடாமல் இதைக் கேட்பவர்களுக்கு என் பதில், முதலில் மாத்திரை.

கேள்வி: மூச்சுப் பயிற்சி செய்தால் பிபி இறங்குமா?

கொஞ்சம் இறங்கும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று மெதுவாக விட்டால் வேகஸின் பங்கு கூடுகிறது, கழுத்து உணரிகளின் வேலையும் கூர்மையாகிறது. நாடியைப் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள், இழுக்கும்போது வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிப்பது பலருக்கு விரலிலேயே தெரியும். மூச்சை அடக்கி முக்காதீர்கள், அது எதிர்வேலை செய்யும். அளப்பதற்கு முன்னால் மட்டும் பயிற்சி செய்து நல்ல எண்ணை எழுதி வைப்பதிலும் பயனில்லை.

கேள்வி: ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தினாலே மயங்கி விழுகிறேன். பயந்தால் பிபி ஏறும் என்றால் எனக்கு ஏன் இறங்குகிறது?

முதலில் ஏறத்தான் செய்கிறது. சிலருக்கு அதன்பிறகு நரம்பு திடீரென்று தலைகீழாகத் திரும்பும்: பரிவு நரம்பு பிடியை விட்டுவிடும், வேகஸ் பிரேக்கை முழுக்க மிதிக்கும், குழாய்கள் விரிந்து துடிப்பும் மெதுவாகி மூளைக்கு ரத்தம் குறைந்துவிடும். பெரும்பாலும் ஆபத்தில்லை, விழுந்து அடிபடுவதுதான் பயம். ஊசி போடுபவரிடம் முன்பே சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டே ரத்தம் கொடுங்கள், கண் மங்குவது மாதிரி இருந்தால் தொடையையும் வயிற்றையும் கைகளையும் இறுக்கிப் பிடியுங்கள். ஊசியே இல்லாமல், ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்திருந்தால் அது வேறு விஷயம், ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் விடாதீர்கள்.